யானைக்குப் பயந்து டர்போ வைத்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு லாரியை ஆளைக் கொல்லப் பார்க்கும் லாரியாக மாற்றியவன் நான்தான். அந்த ஆள் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இதில் மெக்கானிக்குக்குப் பங்கு இல்லை. யானைக்கும் பங்கு இல்லை. யானை பாவம், ஒரே ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் மூளையில் உதித்தது.

நான் லாரி ஓட்ட வந்ததே தப்பு. எனக்கு உயரம் பயம், பனிமூட்டம் பயம், எதிரே வரும் பஸ் பயம். சமவெளியில் பிறந்து, கல்யாணம் பண்ணி மஞ்சூருக்கு வந்தவன். மச்சான் மலையிலேயே வளர்ந்தவர். லாரி எங்கள் இருவருக்கும் பொது. முன்பாதி அவருடையது, பின்பாதி என்னுடையது என்று அவர் சொல்வார். இன்ஜின் முன்பாதியில்தானே இருக்கிறது என்று கேட்டால், "அதனாலதான் மாப்ள வண்டி ஓடுது" என்பார். கொங்குநாட்டு மரியாதை. திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் வலிக்காது என்று நினைக்கக் கூடாது, கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும்.

வேலை இதுதான். காரமடைப் பக்கமிருந்து விறகு ஏற்றிக்கொண்டு மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அடுப்புக்கு விறகை இறக்கிவிட்டு, தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். ஒரு நடை அவர், ஒரு நடை நான். போகிற பாதை கெத்தைப் பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நாற்பதுக்கு மேல். பெரும்பாலான இடங்களில் செல்போனில் ஒரு கோடுகூட வராது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் எதுவும் இல்லை. அந்த 'எதுவும் இல்லை'யைத்தான் நான் பார்க்க மாட்டேன். பார்க்காமல் ஓட்டுவது எப்படி என்று கேட்காதீர்கள், பழகிவிட்டது.

எங்கள் லாரி விறகு லோடோடு ஏறும்போது முதல் கியரில்தான் ஏறும். பக்கத்தில் நடந்து வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம், அத்தனை வேகம். ஒருநாள் மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஒரு யானை நடந்து வருகிறது. துரத்தவில்லை. அதன் பாட்டுக்கு அது வருகிறது. நான் ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தேன். லாரி இருமியது, கரும்புகை விட்டது, வேகம் மட்டும் கூடவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் யானையைக் காணோம். அப்பாடா என்று அடுத்த வளைவில் திரும்பினால், முன்னால் நிற்கிறது. வளைவைச் சுற்றாமல் குறுக்கே மேட்டில் ஏறி எனக்கு முந்தி வந்து சேர்ந்திருக்கிறது. அப்போதுதான் அந்த ஒரு பார்வை பார்த்தது. 'இவ்வளவு நேரமா?' என்கிற மாதிரி. லோடு லாரியை அந்த வளைவில் பின்னால் எடுக்க முடியாது. இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது மூங்கிலை ஒடித்துத் தின்று முடித்து, வேலை இருக்கிறது என்பது போல இறங்கிப் போனது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இந்த லாரிக்கு டர்போ வைக்க வேண்டும்.

புது லாரிகளில் கம்பெனியிலேயே வைத்து வரும். இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுற்றில் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் டீசல் நன்றாக எரியும், இழுவை கூடும். எங்கள் லாரி அது வழக்கத்துக்கு வருமுன்பே பிறந்தது.

எனக்கு யானை என்றால் பயம் என்று மச்சானிடம் சொல்ல முடியுமா? மைலேஜ் கூடும் என்றேன்.

"ஏனுங் மாப்ள, இப்ப வண்டி மலை ஏறாமயா இருக்குது?"

"ஏறுதுங்க மச்சான். ஆனா மெதுவா ஏறுதுங்க."

"மெதுவாப் போனா என்னங்க? மலை எங்கயும் ஓடிப்போவாது."

"நமக்குப் பின்னாடி வந்த வண்டியெல்லாம் முன்னாடி போயிருதுங்க."

எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை. நாலு கால் வண்டி என்று நானும் சொல்லவில்லை.

மஞ்சூரில் ஒரு மெக்கானிக் இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், மூன்று தகரம் அடித்த ஷெட், பேசுவது அளந்து. அவர் மூன்று முறை வேண்டாம் என்றார், நாலாவது முறை சம்மதித்தார். விபத்தில் நொறுங்கிப்போன ஒரு லாரியிலிருந்து டர்போவையும் அதற்கு வேண்டிய குழாய்களையும் தேடிப் பிடித்தோம். பார்க்க இரும்பில் வார்த்த பெரிய நத்தை மாதிரி இருந்தது. நாலு நாள் வேலை. இன்ஜினிலிருந்து அதற்கு ஆயில் போக ஒரு மெல்லிய குழாய், திரும்பி வர ஒரு தடித்த குழாய். ஏர் ஃபில்டர் டப்பாவை வைக்கத்தான் இடமில்லை. எங்கள் லாரியில் இன்ஜின் மூடி கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவே இருக்கும். டப்பாவை அந்த மூடிக்கு இந்தப் பக்கம், பக்கத்து சீட்டுக்காரரின் காலடியில் பொருத்தினார். இன்ஜினுக்குப் போகும் காற்றெல்லாம் அந்த டப்பாவின் வட்ட வாய் வழியாகத்தான் போக வேண்டும். ஓடும்போது அது 'உஸ்ஸ்' என்று மூச்சு இழுப்பது காலில் தெரியும். ஏதோ பிராணியைக் காலடியில் கட்டிப்போட்ட மாதிரி.

வண்டியை ஒப்படைக்கும்போது மெக்கானிக் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ஆசைப்பட்டவன் நான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"இங்க பாருங்கண்ணே. மலை ஏறி முடிச்ச உடனே இது நெருப்பாக் காயும். உள்ளாற ஒரு தண்டு சுத்துது, அதுக்கு ஆயில்தான் உசுரு. நீங்க பொசுக்குன்னு இன்ஜின அணைச்சீங்கன்னா ஆயில் வர்றது நின்னு போகும், தண்டு சுத்துறது நிக்காது. மிச்சம் இருக்கிற ஆயில் அங்கனயே கரிஞ்சு போகும். அதனால நிறுத்துறதுக்கு முந்தி மூணு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. மூணு நிமிஷம்."

"அணைச்சா என்ன ஆகும்?"

"ஒரு தடவைல ஒண்ணும் ஆகாது. அணைச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா ஆயில் கசியாமத் தடுக்கிற சீல் போயிரும். ஆயில் காத்தோட சேந்து இன்ஜினுக்குள்ள போகும். அப்புறம் இன்ஜினுக்கு டீசலே வேணாம், தன் ஆயிலையே குடிச்சு ஓடும். சாவிய அணைச்சாலும் நிக்காது. வேகம் ஏறிக்கிட்டே போகும். அதுக்கு வெறி புடிச்ச மாதிரி."

"அப்ப எப்படித்தான் நிறுத்துறது?"

அவர் காலடி டப்பாவின் வாயைக் காட்டினார். "இத அடைக்கணும். காத்து இல்லாட்டி எதுவும் எரியாது. ஆனா அந்த நேரத்துல அங்க கை வைக்கிறவன் யாரு?"

நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் நடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. முன்பு முதல் கியரில் முக்கி முனகி ஏறிய மேடுகளில் இப்போது இரண்டாவது கியர். மெல்லிய விசில் சத்தம் வேறு. பத்து வளைவு வரைக்கும் நான் பெரிய ஆள். பதினோராவது வளைவில்தான் சிக்கல் வந்தது.

கெத்தைப் பாதையில் ஓட்டுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூங்கில் அடர்ந்த இடங்களில், கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள். மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டால் யானை நிற்கிறது, காத்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் போகலாம். எங்கள் பழைய இன்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அணைத்தால் அணையும், முடுக்கினால் முனகிக்கொண்டு எழும்.

இப்போது அப்படிச் செய்யக் கூடாது. மூன்று நிமிஷக் கணக்கை மட்டும் மச்சானிடம் சொன்னேன், வெறி பிடிக்கும் கதையைச் சொல்லவில்லை. அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, தான் மட்டும் இறங்கி வளைவு வரைக்கும் நடந்து போய்க் கேட்பார். இன்ஜின் சத்தத்தைத் தாண்டி ஐம்பது அடி, நூறு அடி. அப்படியே ஒரு பீடியும் முடிந்துவிடும். மூன்று நிமிஷமும் ஆகிவிடும்.

நானும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். யானை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யானை இருக்கிற இடத்துக்கே நடந்து போவதா? அதற்கு நான் யானையிடமே போன் நம்பர் கேட்டு வாங்கிவிடலாம். நான் கேபினை விட்டு இறங்கவில்லை. மலையை இரண்டாவது கியரில் மிதித்து ஏறுவேன், வளைவுக்கு முன்னால் நிறுத்துவேன், 'பொசுக்'கென்று அணைப்பேன், கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிக் காது கொடுப்பேன். அந்த அமைதியில் மூடிக்கு அடியில் 'டிக், டிக்' என்று இரும்பு ஆறுகிற சத்தம் கேட்கும். அது எனக்குத் தெரியாத சத்தம் இல்லை. ஆனால் நான் மூங்கில் சத்தத்தைத்தான் கேட்டேன். முதல் நாள் செய்தபோது மனசு குத்தியது. நாலாம் நாள் குத்தவில்லை.

மூன்று மாதம் இப்படி. ஒரு நடைக்கு எட்டு, பத்துத் தடவை.

பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. காலையில் முடுக்கும்போது புகைக்குழாயில் ஒரு கொத்து நீலப் புகை. பார்த்தேன், பனி என்று சொல்லிக்கொண்டேன். பனி நீலமாக வராது என்று மஞ்சூரில் குடியிருப்பவனுக்குத் தெரியாதா? அடுத்து, அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் ஊற்றி நிரப்பினேன். அடுத்த வாரம் மறுபடியும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வழுக்கியது. அந்த விரலை லுங்கியில் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று தோசை சாப்பிட்டேன். நாலாவது இறங்கவில்லை. "என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி. "வண்டி ஒடம்புதான்" என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் அண்ணன் உயிர் அந்த ரப்பர் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். 'மச்சான், நான் அணைச்சு அணைச்சுக் கெடுத்துட்டனுங்க.' நாலு நாள் கேலி செய்திருப்பார், பிறகு டர்போவைக் கழற்றிச் சரிசெய்திருப்பார். எனக்கோ, யானைக்குப் பயந்து கேபினை விட்டே இறங்காதவன் என்று தெரிந்துவிடுமே என்கிற வெட்கம். மச்சானுக்கு எமனாவதைவிட மச்சானுக்கு முன்னால் கோழையாவது பெரிய விஷயமாகத் தெரிந்தது. ராத்திரி படுத்தால் மெக்கானிக் சொன்னது மட்டும் காதில் ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது.

அடுத்த இறக்கம் மச்சானுடைய முறை. எனக்கு லீவு, ஆனாலும் மனசு கேட்காமல் நானும் ஃபேக்டரிக்குப் போய் நின்றேன். அவர் தூள் மூட்டை ஏற்றி முடித்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும், பனி விலகத் தொடங்கியிருந்தது. வண்டியை முடுக்கிவிட்டு இறங்கிப் பின்னால் பார்த்தார். நீலப் புகை இந்த முறை கொத்தாக இல்லை, மூட்டையாக வந்தது.

"ஏனுங் மாப்ள, இதென்ன இப்புடிப் பொகையுது?"

"காலைல குளுருங்க மச்சான். சூடானாச் சரியாயிருமுங்க."

இந்தப் பொய்யைச் சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. நான் ஓடிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தேன்.

"நானும் வர்றனுங்க."

"நீங்க எதுக்குங்க? இன்னிக்கு உங்களுக்கு லீவுதான?"

"காரமடைல ஒரு சோலி இருக்குதுங்க."

ஒரு சோலியும் இல்லை. அவரைத் தனியாக அனுப்பவும் தைரியம் இல்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது பக்கத்து சீட்டு. அதில் உட்கார்ந்தேன். காலடியில் டப்பா 'உஸ்ஸ்' என்றது.

இறக்கத்தில் இந்த மலையில் எல்லோரும் இரண்டாவது கியரில்தான் இறங்குவார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். மச்சான் அழகாக இறக்கினார். நான் வளைவுகளை எண்ணினேன். ஒவ்வொரு வளைவுக்கும், அடுத்ததில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள, ஏன் டப்பாவையே பாத்துட்டு வர்றீங்க? உள்ள பாம்பு கீது இருக்குதா?"

"இல்லீங்க, சும்மாதானுங்க."

"மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. நான் ஓட்டறப்பவே இப்புடின்னா, நீங்க ஓட்டறப்ப யாரு மூஞ்சியப் பாப்பீங்க?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சரி, இந்தச் சிரிப்போடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சின்ன ஏற்றம் வந்தது.

இறக்கத்துக்கு நடுவே பாதை கொஞ்சம் நிமிர்கிற இடம் அது. நூறு அடிகூட இருக்காது. மச்சான் லேசாக ஆக்சிலேட்டரை மிதித்தார். இறங்கி வந்த நேரமெல்லாம் குழாயில் கசிந்து சேர்ந்திருந்த ஆயிலை இன்ஜின் ஒரே மடக்கில் குடித்திருக்க வேண்டும். 'ங்ங்ங்' என்று எழும்பியது. ஏற்றம் முடிந்தது. மச்சான் காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை.

மேலே போனது. விசில் ஊளையாக மாறியது. லாரி கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தது, பாதை மறுபடி கீழே சாய்ந்தது. கண்ணாடியில் பின்பக்கம் எதுவும் தெரியவில்லை, வெள்ளையும் நீலமுமாகப் புகை. மச்சான் இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்தார். நிற்கவில்லை. சாவியைத் திருகினார். நிற்கவில்லை. கியரை விட்டால் லோடு தன் பாட்டுக்கு உருண்டுவிடும் என்று பிரேக்கின் மேல் ஏறி நின்றார். லாரி குலுங்கியது, வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது, இன்ஜின் விடாமல் தள்ளியது. பிரேக் கருகுகிற வாடை கேபினுக்குள் வந்தது. முன்னால் வளைவுப் பலகை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், நான் எப்போதும் பார்க்காத அந்த 'எதுவும் இல்லை'.

"நிக்க மாட்டீங்குது மாப்ள!" என்றார். அவர் குரலில் பயத்தை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அதுவரை இந்தக் குடும்பத்துக்கு வேண்டிய பயம் முழுவதையும் நான் ஒருவனே பட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன நடக்கிறது என்று அந்தக் கேபினில் எனக்கு மட்டும்தான் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்றும் எனக்கு மட்டும்தான் தெரியும். கை மட்டும் எழவில்லை. டப்பாவின் வாய் என் காலடியில் கதறிக்கொண்டு காற்றை இழுத்தது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அதில் வைத்தேன். ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது. அது என்ன ஆனது என்று யோசிக்க நேரமில்லை. உள்ளங்கையை வைத்தேன். தோலோடு பிடித்து இழுத்தது, அலறிக்கொண்டு பிடுங்கிக்கொண்டேன்.

"கதவத் தெறந்து குதிச்சிருங்க மாப்ள!" என்று மச்சான் கத்தினார். "அந்தப் பக்கம் மலைதான், குதிங்க!"

அவர் பக்கம் பள்ளம். என் பக்கம் மலை. அவர் குதிக்க முடியாது, குதிக்கவும் போவதில்லை. ஸ்டீயரிங்கை விடாமல் என்னைக் குதிக்கச் சொல்கிறார். இவரிடம்தான் நான் குளிர் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

குனிந்தேன். காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றினேன். அடிப்பக்கத்தை டப்பாவின் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, போதாதென்று அதன் மேல் நெஞ்சையும் போட்டுப் படுத்தேன். 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. ஊளை தொண்டையில் சிக்கிய மாதிரி ஆனது. லாரி முழுவதும் உதறியது, என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. ஓரத்தில் கொஞ்சம் காற்று சீறிக்கொண்டு போனது, அதையும் விரலால் அடைத்தேன். இன்ஜின் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை. பிறகு நின்றது.

மச்சான் ஸ்டீயரிங்கை முழுபலத்தோடு என் பக்கம் ஒடித்தார். இடது சக்கரம் ரோட்டோர வாய்க்காலுக்குள் இறங்கியது. லாரி மண்சரிவில் தோளைச் சாய்த்துக்கொண்டு, பெரிய ஆள் சுவரில் சாய்கிற மாதிரி நின்றது. வளைவுப் பலகைக்கு இருபது அடி இருந்தது.

மூடிக்கு அடியில் 'டிக், டிக்' என்று இரும்பு ஆறிக்கொண்டிருந்தது. அப்போதும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மூங்கில் ஒடிகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். பழக்கம் அப்படி.

என் பக்கக் கதவு மண்ணில் ஒட்டிக்கொண்டதால் இருவரும் அவர் பக்கமாகவே இறங்கினோம். பள்ளத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். கீழே எங்கேயோ ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான் ஒரு பெரிய கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்தார். பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார், மூன்று குச்சி வீணானது.

"அந்த மெக்கானிக்கு," என்றார். மூச்சு வாங்கியது. "ஒழுங்கா மாட்டலீங்க அவன். நம்மளக் கொல்லப் பாத்துட்டான். இன்னிக்குப் போயி அவன் சட்டையப் புடிக்கறனா இல்லையா பாருங்க. ஊரக் கூட்டி வெச்சுக் கேக்கறேன்."

இதுதான் எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம். பேசாமல் இருந்தால் போதும், பழி அந்த ஷெட்டுக்காரர் தலையில் விழுந்துவிடும். ஒரு நொடி அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன்.

"அவரு மேல தப்பு இல்லீங்க மச்சான்."

"பின்ன?"

"எம்மேலதானுங்க. அவரு மூணு நிமிஷம் ஓட விட்டுட்டு அணைக்கச் சொன்னாருங்க. நான் வளைவுல நின்னதும் ஒடனே அணைச்சுட்டனுங்க. யானை சத்தம் கேக்கறதுக்கு."

"எறங்கிப் போயிக் கேக்கறதுதானுங்க?"

"பயமுங்க."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "எத்தன வளைவுல?"

"மூங்கில் இருக்கற எல்லா வளைவுலயுமுங்க."

"எல்லாத்துலயுமா?"

"யானை எந்த வளைவுல நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்களே."

வேறு நாளாக இருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நானும் அந்தச் சிரிப்பை எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சிரிக்கவில்லை.

"காலைல பொகை வந்துச்சே. அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வேடிக்கையான பதில் தேடினேன். எங்கேயும் கிடைக்கவில்லை.

"தெரியுமுங்க."

அவர் எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீழேயிருந்து மஞ்சூர் பஸ் முனகிக்கொண்டு ஏறி வந்தது. டிரைவர் எங்கள் லாரி சாய்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார். "ஆளுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். மச்சான் இல்லை என்று கையைக் காட்டினார். நான் மேலே போய் மெக்கானிக்கையும், வண்டியை இழுக்க ஆளையும் கூட்டி வருவது என்று முடிவானது. அதையும் அவர் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன். லாரியைத் தனியாக விட முடியாது. மூட்டைகளோடு, அந்த வளைவில், அவர் காவல் இருப்பார்.

ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் ஏறினேன். மற்றொன்று இன்னும் டப்பாவின் வாயை விட்டு வரவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள். படியில் நின்றபடியே திரும்பினேன். ஏதாவது பேசிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. திட்டாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

"மச்சான், வண்டி ரெடியானதும் அடுத்த லோடு நான் எடுத்துக்கட்டுங்களா? ஒவ்வொரு வளைவுலயும் எறங்கிப் போயிக் கேக்கறனுங்க, சத்தியமாங்க."

அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"இனி நீங்க பஸ்ஸுலயே வாங்க, மாப்ள."